தாய் ஆடுகளுக்காகக் கதவடைக்கும் ராஜமலை!

மூணாறுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ராஜமலையைப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். காரணம், மலைமேல் வரையாடுகளுக்கு அது பேறுகாலம்!

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் பயணிகள் சென்றுவர அனுமதிக்கப்பட்ட பகுதியே ராஜமலை. பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவிலேயே உயரமான ஆனைமுடிச் சிகரம் (2,695 மீட்டர்) இங்குதான் இருக்கிறது. மேலே பரந்த புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, விளிம்பில் செங்குத்தான பாறை. வரையாட்டுக்கு இம்மூன்றில் பாறைதான் கோட்டை.

ஒரே ஒரு குட்டி

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்க நூல்கள் இதை ‘வருடை’ என்கின்றன. உலகில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. ஒரே இடத்தில் மிகுதியாக இருப்பது இரவிகுளத்தில்தான்.

ஆறு மாதம் சுமந்து, தாய் ஆடு பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் ஈனும். குளிர்காலத்தில் குட்டிகள் பிறக்கும். சிறுத்தை, புலி, செந்நாய் ஆகியவற்றின் கண்ணில் படாமல் அதை வளர்ப்பதே பெரும்பாடு. அந்த நேரத்தில் மனிதர் கூட்டமும் சேர்ந்தால் தாய் மிரண்டு ஓடும். குட்டி தனித்துப் போகும். அதனால்தான் இந்தக் கதவடைப்பு.

வேட்டைக்காடு காப்பகமானது

ஒரு காலத்தில் இது வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகளின் வேட்டைக்காடு. கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் 1971-ல் வந்தது. 1975-ல் இப்பகுதி சரணாலயமாயிற்று. 1978-ல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது.

இந்த மலையின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர்கள் முதுவான் பழங்குடியினர். மதுரையில் இருந்து குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறி வந்ததால் அந்தப் பெயர் வந்ததாக அவர்கள் மரபு கூறுகிறது. அவர்கள் பேச்சும் தமிழோடு உறவுடையது. வேட்டைச் சங்கம் இருந்த நாளிலேயே காவலர்களாக இருந்தவர்கள் இவர்களே.

பாம்பாற்றின் தாய்வீடு

இந்தப் புல்வெளி மழைநீரை உறிஞ்சி, ஓடைகளாக மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. கிழக்கே பாயும் பாம்பாறு அமராவதியில் கலந்து, கரூர் அருகே காவிரியை அடைகிறது. ஆகவே, இந்த மலை நலமாக இருந்தால் உடுமலை, தாராபுரம் வயல்களுக்கும் நன்மை உண்டு.

போகிறவர்கள் கவனிக்க

எர்ணாகுளத்தில் இருந்து மூணாறு சுமார் 130 கிலோமீட்டர். உடுமலைப்பேட்டையில் இருந்தும் மலைப்பாதை உண்டு. பூங்கா வாசலில் இருந்து வனத்துறைப் பேருந்தில் மேலே சென்று, அங்கிருந்து நடக்க வேண்டும். ஆனைமுடியில் நினைத்தவர்கள் எல்லாம் ஏறிவிட முடியாது. வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழை; அட்டைத் தொல்லையும் உண்டு. மழை ஓய்ந்த பிறகு செல்வது நல்லது. கம்பளிச் சட்டை அவசியம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2006-லும் 2018-லும் மலையை நீலமாக்கியது. அடுத்து 2030-ல் எதிர்பார்க்கலாம்.

ராஜமலை ஆடுகள் மனிதரைக் கண்டு பழகியவை. சாலை ஓரத்திலேயே நின்று புல் மேயும். கை எட்டும் தூரம்தானே என்று தொட்டுப் பார்ப்பவர்களும் பிஸ்கட் நீட்டுபவர்களும் உண்டு. அது அன்பு ஆகாது. மனிதர் கைத்தீனிக்குப் பழகிய ஆடு பாறையை மறக்கும். பாறையை மறந்த ஆட்டுக்கு வேறு அரண் இல்லை.

குழந்தைகளோடு போகிறவர்கள் பத்தடி தள்ளி நின்றே காட்டட்டும். வாசல் மூடியிருந்தாலும் முணுமுணுக்க வேண்டாம். பிள்ளை பெற்ற வீட்டில், பார்க்க வந்தவர்கள் திண்ணையோடு திரும்பிப் போவது நம் ஊர் வழக்கம்தானே! ஏப்ரலில் வந்தால், தாயின் பின்னால் பாறைக்குப் பாறை தாவும் குட்டியையே பார்த்துவிட்டு வரலாம்.