ராயபுரத்து மாடியில் ஒரு காட்டு விருந்தாளி

ஐப்பசி மழை நெருங்கும் நாட்களில், சென்னை வீடுகளின் மாடிப்படியிலோ தாழ்வாரத்து மூலையிலோ விடியற்காலையில் ஒரு வண்ணப் பறவை ஒடுங்கி உட்கார்ந்திருப்பது உண்டு. பச்சை முதுகு, இறக்கையில் பளிச்சென்ற நீலம், மை தீட்டியதுபோல் கண்ணோரக் கருங்கோடு, வெள்ளைத் தொண்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் மட்டும் குட்டை. ஆறுமணிக்குருவி இது.

காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் வந்த பெயர். இந்தியில் 'நவரங்', அதாவது ஒன்பது நிறம். உலகம் வழங்கும் 'பிட்டா' என்ற பெயர் தெலுங்கு தந்தது. அங்கே பிட்ட என்றால் சிறு பறவை.

பிட்டா குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றான ஆப்பிரிக்கப் பிட்டாவும் நம் குருவியைப் போலவே பூச்சி தின்னும். மழைக்காலத்தை ஒட்டி இரவில் வலசை போகும்.

நம் ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. தரையில் தத்தித் தத்தி, சருகைப் புரட்டிப் பூச்சியும் மண்புழுவும் தேடும் பறவை, வலசைக் காலத்தில் மட்டும் இரவெல்லாம் பறக்கிறது. களைப்பும் எதிர்காற்றும் அதைக் கீழே இறக்கிவிடுகின்றன. இரவில் பறக்கும் பறவைகளுக்கு நட்சத்திரங்கள் வழிகாட்டி. நகரத்து விளக்கொளி அவற்றைத் திசை தடுமாற வைக்கும்.

கிண்டியில் இறங்கினால் அதற்கு மரநிழலும் சருகும் உண்டு. துறைமுக விளக்குகள் விடிய விடிய எரியும் ராயபுரத்தில் இறங்கினால்? சிமென்ட் தளமும் காகங்களும்தான்.

அப்படி ஒன்று உங்கள் மாடியில் விழுந்து கிடந்தால், நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெல்ல வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் ஓய்வெடுக்க விடுங்கள். வாயில் தண்ணீரோ சோறோ புகட்ட வேண்டாம். தெம்பு வந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. பள்ளி வளாகத்திலும் கோயில், தேவாலயத் தோட்டங்களிலும் மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டுவைப்போம். நமக்கு அது குப்பை. பசியோடு வந்திறங்கும் இந்த விருந்தாளிக்கு அதுதான் இலை போட்ட சாப்பாடு.