விளக்கெண்ணெய் நல்லதுதான்... விதை?

"உடம்பு சூடா இருக்கு, உச்சியில கொஞ்சம் விளக்கெண்ணெய் வைம்மா!"

உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படிச் சொல்லியிருப்பார்கள். துவரம்பருப்பில் பூச்சி வராமல் இருக்கத் தடவி வைப்பதும் இதே எண்ணெயைத்தான். இதைத் தரும் ஆமணக்குச் செடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோமா?

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒய்.ஆர்.சி.எச்.1 என்ற வீரிய ஒட்டு ரகம் 2009-ல் அங்கிருந்து வந்ததுதான். நிலக்கடலை வயலைச் சுற்றி ஆமணக்கு நடுவார்கள். இலை தின்னும் புழுவின் தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையில்தான் விரும்பி முட்டையிடும். அந்த இலைகளைக் கிள்ளி அழித்தால் கடலை தப்பிக்கும். எண்ணெய் வித்தும் கைக்கு வரும்!

பாதி எண்ணெய், மீதி?

விதையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். மீதியில் இருக்கிறது 'ரிசின்' என்ற கொடிய விஷம். "அப்படின்னா எண்ணெயும் விஷமா?" என்று பதறாதீர்கள். ரிசின் எண்ணெயில் கரையாது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். சூட்டிலும் அழியும். விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு எண்ணெய் எடுத்தார்களே நம் பாட்டிமார்கள், அதன் அருமை இதுதான். ஆமணக்குப் புண்ணாக்கு செடிக்கு உரம். மாட்டுக்குத் தீவனம் அல்ல.

குழந்தைகள் ஜாக்கிரதை!

வேலியோரம் வளரும் காட்டாமணக்கு வேறு செடி. அதன் விதையும் விஷம்தான். பார்க்கக் கொட்டைப் பருப்பு மாதிரி இருப்பதால் விளையாடும் பிள்ளைகள் கடித்துத் தின்றுவிடுகிறார்கள். பிறகு வாந்தி, வயிற்றுவலி, பேதி...

இரண்டில் எதைத் தின்றிருந்தாலும், "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்காதீர்கள். பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்சமிருக்கும் விதையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எண்ணெய்க்கும் அளவு உண்டு

பேதிக்காக விளக்கெண்ணெய் குடிப்பதென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாது; கருப்பை சுருங்க ஆரம்பித்துவிடும். கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

தோட்டத்தில் ஆமணக்கு இருக்கிறதா? இருக்கட்டும். காய் முற்றியதும் பறித்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். "இதை வாயில வைக்கக் கூடாது கண்ணு" என்று செடியைக் காட்டி இன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்!