ஒன்று உனக்கு, ஒன்று பாட்டிக்கு!



உங்கள் வீட்டில் கடைசியாகப் புத்தகம் வாங்கியது எப்போது? பாடப் புத்தகம், நோட்ஸ் எல்லாம் கணக்கில் சேராது. கதைப் புத்தகம்! சரி, அதைப் படித்தது யார்? நீங்கள் மட்டும்தானா? அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது தொட்டுப் பார்த்தார்களா?

ஏன் கேட்கிறேன் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிதான் என்னை இப்படி யோசிக்க வைத்தார்.

அப்போது நான் ஒரு கிராமப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கணக்குப் பாடம் நடக்கும்போது ஒரு பையன் புத்தகத்துக்குள் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். அட்டை கிழிந்த ராஜா ராணிக் கதை. எனக்கு வந்ததே கோபம்! பிடுங்கி, வகுப்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவனை மதியம் வரை நிற்கவும் வைத்தேன்.

மறுநாள் காலை, பள்ளி வாசலில் ஒரு பாட்டி நின்றார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ தயங்கித் தயங்கி, "டீச்சரம்மா, பேரன் தினம் ராத்திரி அந்தக் கதையைத்தான் எனக்கு வாசிச்சுக் காட்டுவான். ராஜகுமாரி மலையிலே மாட்டிக்கிட்டா. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம நேத்து எனக்குத் தூக்கமே வரலை. புத்தகத்தைக் குடுத்துடறீங்களா?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு புத்தகத்தை அல்ல, ஒரு வீட்டின் ராத்திரியையே அல்லவா பூட்டி வைத்துவிட்டேன்!

பீரோவைத் திறந்தேன். அங்கே இன்னும் அறுபது, எழுபது புத்தகங்கள் புத்தம் புதிதாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஏன் தெரியுமா? ஒன்று தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டைக் காட்டி ஆசிரியரைக் கேள்வி கேட்பார்கள். அந்தப் பயத்தில் நாங்கள் யாரும் வெளியே எடுப்பதே இல்லை!

அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் பீரோ திறந்தது. சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கு இரண்டு புத்தகம் எடுக்க வேண்டும். ஒன்று உனக்கு, இன்னொன்று வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் நீ வாசித்துக் காட்ட வேண்டும்.

முதல் வருடம் இரண்டு புத்தகங்கள் திரும்பி வரவில்லை. ஒன்றை ஆடு தின்றுவிட்டது! மூன்றுக்கும் நானே பணம் கட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு என் வகுப்பில் திக்கித் திக்கி வாசித்த பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். வீட்டில் ஒருவர் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் வாசிப்பு தானாக வராதா என்ன?

அதே சட்டப்படி இன்று உங்களுக்குச் சில ஜோடிப் புத்தகங்களைச் சொல்லப் போகிறேன். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்!

ஜோடி 1: பள்ளிக்கூடம்

உங்களுக்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானில் 1981-ல் வெளிவந்த புத்தகம். எழுதியவர் தெத்சுகோ குரோயாநாகி. தன் சொந்தச் சிறு வயதுக் கதையைத்தான் எழுதியிருக்கிறார். வகுப்பு நடக்கும்போது ஜன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்ட குற்றத்துக்காக, முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டவர்! புதுப் பள்ளியில் வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். அங்கே தலைமை ஆசிரியர் கோபயாஷி, முதல் நாள் அந்தச் சிறுமி பேசியதை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். 1945-ல் போர் விமானங்கள் குண்டு வீசியதில் அந்தப் பள்ளி எரிந்துபோனது. ஆனால் புத்தகத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

பெரியவர்களுக்கு இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா'. சிறிய புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஒரு மாணவியின் கதை. முடிவு மிகவும் சோகமானது. அதனால் சின்னக் குழந்தைகள் இப்போது வேண்டாம். அப்பா, அம்மா, உங்கள் ஆசிரியர் மூவரும் படிக்கட்டும். நான் படித்த அன்று, மதியம் வரை நிற்க வைத்த அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

ஜோடி 2: பழங்காலம்

உங்களுக்கு உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை'. வைகைக் கரையில் உள்ள கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் சுடுமண் பொம்மைகளும், செங்கல் கட்டடங்களும், பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன அல்லவா? அந்தக் கீழடியை வைத்துப் பின்னிய கதை இது. 2023-ல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்றது.

அம்மாவுக்கு அல்லது பாட்டிக்கு கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது. மொத்தம் ஐந்து பாகம்! பயப்பட வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அந்த முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். மீதிக் கதையைப் பாட்டியே கேட்டு வாங்குவார். அவர் ஏற்கெனவே படித்திருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு அவர் கதை சொல்வார்.

ஜோடி 3: வாழ்க்கை

பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்'. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளை எடுக்க உதவிய இராமேசுவரத்துச் சிறுவன், ராக்கெட் விஞ்ஞானியாக வளர்ந்த கதை.

தாத்தாவுக்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1880-ல் கும்பகோணத்தில் ஒருவர் அவரிடம், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்ற பொருளில் கேட்டார். அவ்வளவு படித்திருந்த அவர் அந்த நூலைப் படித்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்வியால் ஏட்டுச்சுவடிகளைத் தேடத் தொடங்கினார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் பிறகும் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்தார். தன் கதையை அவர் எழுதி முடிக்கும் முன்பே 1942-ல் காலமாகிவிட்டார். கொஞ்சம் பெரிய புத்தகம்தான். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும்.

ஜோடி 4: பாட்டும் பழங்கதையும்

தம்பி, தங்கைக்கு குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்'. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் பாட்டுப் புத்தகம்தான் முதல் படி. இரண்டு முறை பாடினால் மனப்பாடம் ஆகிவிடும்.

பெரியவர்களுக்கு கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்'. கரிசல் காட்டு மக்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே எழுதியவர் அவர். 1991-ல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். "இது எங்க ஊர்ப் பேச்சு மாதிரி இருக்கே!" என்று தாத்தா சொல்லக்கூடும்.

ஜோடி 5: இயற்கையும் அறிவும்

உங்களுக்கு பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தொகுத்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்'. பத்துத் தொகுதிகள். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் பார்க்கலாம். 1968 முதல் 1976 வரை வந்தது என்பதால் சில செய்திகள் பழையதாகியிருக்கும். அதுவே ஒரு விளையாட்டு! எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள்.

அப்பாவுக்கு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. பறவைகளையும் விலங்குகளையும் நேரில் பார்த்துப் பார்த்து எழுதியவர். படமும் அவரே வரைவார். அப்பா படித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை உங்களைக் குளக்கரைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

சேர்ந்து படிக்க இரண்டு

ஒன்று 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. யெஸ். பாலபாரதி எழுதியது. பேசும் மரப்பாச்சி பொம்மை வருகிறது. யாராவது தப்பாகத் தொட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதைக் கதையாகச் சொல்கிறது. அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள். படித்து முடித்ததும் அம்மாவிடம் எதையும் சொல்லலாம் என்ற தைரியம் வரும்.

இன்னொன்று 'குட்டி இளவரசன்'. எழுதியவர் பிரான்ஸ் நாட்டு விமானி அந்துவான் து செந்த்-எக்சுபெரி. 1943-ல் வந்தது. யானையை விழுங்கிய மலைப்பாம்பை ஒரு குழந்தை வரைகிறது. பெரியவர்கள் எல்லோரும் அதைத் தொப்பி என்கிறார்கள்! உங்கள் வீட்டில் யாருக்கு யானை தெரிகிறது என்று காட்டிப் பாருங்களேன்.

பணம் வேண்டாமா?

"இத்தனை புத்தகத்துக்குக் காசு எங்கே டீச்சர்?" என்று கேட்பது காதில் விழுகிறது. எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினராக என்ன வேண்டும் என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்ட புத்தகம் இல்லை என்றால் வருந்த வேண்டாம். அலமாரியில் வேறொன்று உங்களுக்காகக் காத்திருக்கும்.

இதை நான் சொல்லவில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சொன்னார். கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பவை முதல் மூன்று. பீரோவைப் பூட்டி வைத்திருந்த நான் மூன்றையும் மீறியிருந்தேன்!

இந்த வார வீட்டுப்பாடம்: வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும், அவருக்கு என்ன கதை பிடிக்கும் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களில் ஒருவருக்குத் தினமும் பத்து நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பத்து நிமிடம் டி.வி.க்கும் செல்போனுக்கும் விடுமுறை!

அந்தப் பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே? கிழிந்த புத்தகத்தை எடுத்துக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், கடைசிப் பக்கங்களைக் காணோம்! ராஜகுமாரி இறங்கினாளா இல்லையா என்று தெரியவே வழியில்லை. நான் தவித்துப்போனேன். பாட்டி சிரித்தார். "போகுது விடுங்க டீச்சரம்மா. நானும் அவனுமா சேர்ந்து இறக்கிவிட்டுடறோம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான் அந்தப் பையன். பாட்டி சொல்ல, பேரன் எழுதியது. ராஜகுமாரி தன் கூந்தலில் கயிறு திரித்து, தானே இறங்கி வந்துவிட்டாளாம்!

அந்த நான்கு பக்கத்தையும் புத்தகத்தின் கடைசியில் ஒட்டி, பீரோவில் வைத்தேன். இந்த முறை பூட்டவில்லை.