தவறுக்கு முன்பே தொடங்கும் மீட்பு

1986ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். கணினி அறிவியல் துறையின் வாக்ஸ் கணினியில் நிர்வாகி உரிமையோடு நுழைந்திருந்த ஒருவர், சில கோப்புகளை நீக்குவதற்காக யூனிக்ஸின் 'ஆர்எம்' கட்டளையை நட்சத்திரக் குறியோடு தட்டினார். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பதைக் கவனிக்கவில்லை. அவர் நின்றது எல்லா ஃபோல்டர்களுக்கும் வேரான இடத்தில். கட்டளையை நடுவில் நிறுத்தியபோது, ஆங்கில எழுத்து வரிசையில் முன்னால் இருந்த 'பின்', 'டெவ்', 'எட்சி', 'லிப்' ஆகிய ஃபோல்டர்கள் போய்விட்டன. 'நியூஸ்' என்ற ஃபோல்டர் பாதி அழிந்திருந்தது. 'டெம்ப்'பும் 'யூசர்'ரும் வரிசையில் பின்னால் இருந்ததால் தப்பின.

ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் 'எல்எஸ்' கட்டளைகூட மிஞ்சவில்லை. புது ஃபோல்டர் உண்டாக்கவும் பெயர் மாற்றவும் கட்டளை இல்லை. பயனர் கோப்புகளுக்கு வியாழக்கிழமைதோறும் நகல் எடுப்பது வழக்கம், அன்று புதன்கிழமை. முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்த சிலரின் ஒரு வார உழைப்பு அந்தக் கணினியில் இருந்தது.

இதை எழுதிவைத்த மரியோ வோல்ச்கோவின் திரையில் ஈமேக்ஸ் என்ற எடிட்டர் திறந்தபடியே இருந்தது. கூட இருந்த நிபுணர் 'எட்சி' ஃபோல்டரை மறுபடி உண்டாக்க அசெம்பிளி மொழியில் சுமார் 12 வரி எழுதினார். இன்னொரு வாக்ஸில் அதை இயங்கு நிரலாக்கியபோது வந்தது வெறும் 76 பைட். அதைப் பதினாறடிமான எண்களாக மாற்றி, ஈமேக்ஸில் கையாலேயே தட்டினார்கள். இயக்குவதற்கு அனுமதி கொடுக்கும் கட்டளையும் அழிந்திருந்ததே? ஏற்கெனவே இயங்கும் அனுமதி பெற்றிருந்த ஒரு கோப்பின் மேலேயே இதை எழுதிவிட்டார்கள். 'எட்சி' வந்தது, நெட்வொர்க் வேலை செய்தது, 'பின்' ஃபோல்டரைப் பக்கத்துக் கணினியிலிருந்தும் 'டெவ்' ஃபோல்டரை டேப்பிலிருந்தும் கொண்டுவந்தார்கள்.

அவர்களுடைய சாமர்த்தியத்தைப் பாராட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழித்தல் என்ற செயலை அவர்கள் எங்குமே தலைகீழாக ஓட்டவில்லை. நினைவகத்தில் உயிரோடிருந்த எடிட்டர், இன்னொரு கணினி, பழைய டேப் என்று அழியாமல் நின்றவற்றைத் தேடிக் கோத்தார்கள். யூனிக்ஸின் வழியில் வந்த இன்றைய லினக்ஸில் உள்ள மீட்பு வழிகள் எல்லாம் இதே அடித்தளத்தில் நிற்பவைதான். பழையது எங்கோ அழியாமல் இருந்தால்தான் திரும்பிப் போக முடியும். எதை அழியாமல் வைப்பது என்ற முடிவு தவறு நடக்கும் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அழிவது பெயர்தான்

லினக்ஸில் ஒரு கோப்பின் அளவு, உரிமையாளர், உள்ளடக்கம் வட்டின் எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற விவரங்கள் 'ஐநோட்' என்ற பதிவில் இருக்கும். ஃபோல்டரில் இருப்பவை கோப்பின் பெயரும் ஐநோட்டின் எண்ணும் மட்டுமே. 'ஆர்எம்' அந்தப் பெயரை அடிக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகப் பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் நிலம் காணாமல் போய்விடுமா? அதுபோலத்தான் இதுவும். ஒரே ஐநோட்டுக்கு இரண்டு மூன்று பெயர்கள்கூட இருக்கலாம். கடைசிப் பெயரும் போய், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடிய பிறகுதான் அந்த இடம் காலியானதாகக் கணக்கில் ஏறும்.

சர்வர் பார்ப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. வட்டு நிரம்பிவிட்டதே என்று பெரிய லாக் கோப்பு ஒன்றை நீக்குவார்கள். காலியிடம் ஒரு எம்பிகூட ஏறாது. லாக் எழுதும் நிரல் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதே குணம் தவறு செய்தவருக்குக் கைகொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை நீக்கிவிட்டீர்கள் என்றால் பிளேயரை மூடாதீர்கள். 'ப்ராக்' ஃபோல்டருக்குள் அந்த நிரலின் எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'எஃப்டி' என்ற ஃபோல்டரில், வீடியோவின் பழைய பெயரும் பக்கத்தில் 'டெலீட்டட்' என்ற குறிப்பும் தெரியும். அங்கிருந்தே முழுக் கோப்பையும் நகலெடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் மூடிவிட்டாலும், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய தகவல் வட்டில் கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள்கள் கோப்பு வகைகளின் தொடக்க அடையாளங்களைத் தேடி அவற்றைப் பொறுக்கி எடுக்கின்றன. பழைய பெயர்கள் மட்டும் கிடைக்காது. அதனால் நீக்கிவிட்டோம் என்று தெரிந்ததும் அந்த வட்டில் எதையும் எழுதாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை. மீட்பு மென்பொருளையே அதே வட்டில் இறக்கி நிறுவுவது, இருப்பதையும் கெடுத்துக்கொள்ளும் வழி. எஸ்எஸ்டி வந்தபின் இந்த நம்பிக்கையும் குறைந்துவிட்டது. காலியான கட்டங்கள் எவை என்று 'ட்ரிம்' என்ற கட்டளை எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். அது அவற்றைத் துடைத்துவிடலாம். உபுண்டுவில் இந்த வேலை வாரம் ஒருமுறை தானாகவே நடக்கிறது.

பட்டியல் தரும் பாதுகாப்பு

கோப்பை நீக்குவதைவிட அடிக்கடி நடப்பது, ஏதோ ஒரு மென்பொருளை நிறுவப்போய் கணினியின் நிலையே மாறிவிடுவது. 2021 நவம்பரில் பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப்போனார். அந்த நேரத்தில் பேக்கேஜ்கள் எனப்படும் மென்பொருள் தொகுப்புகளில் ஒரு குளறுபடி இருந்தது. ஸ்டீம் வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டியிருக்கும் என்று ஆப்ட் என்ற நிறுவல் கருவி எச்சரித்தது. மீறிச் செய்ய வேண்டுமானால் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தை முழுசாகத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார். கேம் வரவில்லை, டெஸ்க்டாப் போய், கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் நின்றன. லட்சக்கணக்கானோர் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். இப்படி ஒரு வாசகத்தைத் தட்டி அடிப்படைப் பேக்கேஜ்களை நீக்கிவிட முடியாதபடி ஆப்ட் பிறகு மாற்றப்பட்டது.

அந்த நிலையிலும் வழி உண்டு. டெபியன், உபுண்டு குடும்பத்தில் ஆப்ட் செய்யும் ஒவ்வொரு வேலையும், எந்தக் கட்டளையால் எந்தெந்தப் பேக்கேஜ்கள் வந்தன, போயின என்பது தேதி நேரத்தோடு ஒரு லாக் கோப்பில் பதிவாகிறது. நீங்கியவற்றை அதில் பார்த்து மறுபடி நிறுவலாம். ஃபெடோரா இன்னும் ஒரு படி மேல். அதன் டிஎன்எஃப் கருவி ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எண் போட்டு வைக்கிறது. எண்ணைச் சொல்லி 'அன்டூ' என்றால் வந்தவை போகும், போனவை வரும். லினக்ஸின் மையமான கெர்னலுக்கும் இதே முன்னெச்சரிக்கை. புதியதை நிறுவும்போது பழையது நீக்கப்படுவதில்லை. புது கெர்னலில் கணினி எழவில்லை என்றால் தொடக்க மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பட்டியலுக்கும் எல்லை உண்டு. எந்தப் பேக்கேஜ் வந்தது என்று அது சொல்லும். நீங்கள் எட்சியில் கையால் திருத்திய கட்டமைப்புக் கோப்பில் நேற்று என்ன இருந்தது என்று சொல்லாது. அதற்காகவே எட்சிகீப்பர் என்ற கருவி இருக்கிறது. எட்சி ஃபோல்டர் முழுவதையும் 'கிட்' என்ற மாற்றப் பதிவுக் கருவியில் வைத்து, ஆப்ட் இயங்கும்போதெல்லாம் மாற்றங்களைப் பதிவு செய்கிறது.

பழையதன் மேல் எழுதாத வட்டு

எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகளில் ஒரு கோப்பின் நடுவே ஒரு பகுதியை மாற்றினால், பொதுவாகப் பழைய கட்டத்தின் மேலேயே புதியது எழுதப்படும். பழையது அந்த நொடியே இல்லாமல் போகும். இந்த இடத்தில்தான் பட்டர்எஃப்எஸ் வேறு வழியில் போகிறது. ஆரக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் 2007இல் தொடங்கிய இந்த முறைமை 2009இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. இதில் புதிய தகவல் காலியான வேறு கட்டத்தில் எழுதப்படும். பிறகு, 'இனி இங்கே பார்' என்று சுட்டி மட்டும் மாறும். பழைய கட்டத்தை யாரும் சுட்டவில்லை என்றால் அது காலியாகும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 30 ஜிபி உள்ள சிஸ்டத்துக்கு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுத்தால் 30 ஜிபி நகலாவதில்லை. அதே கட்டங்களைச் சுட்டும் இன்னொரு மேல்நிலைச் சுட்டி உருவாகிறது, அவ்வளவே. வேலை நொடியில் முடியும். இடமும் ஏறக்குறைய வேண்டாம். அடுத்த அப்டேட்டில் 1 ஜிபி மாறினால், மாறிய அந்த 1 ஜிபியின் பழைய கட்டங்களை ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்துக்கொள்ளும். செலவு மாற்றத்துக்கு மட்டுமே.

ஓப்பன்சூசேயில் இது வழக்கமாகவே நடக்கிறது. ஸ்னாப்பர் என்ற கருவி, பேக்கேஜ் மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட் எடுக்கும். அப்டேட்டுக்குப் பின் திரை எழவில்லையா? தொடக்க மெனுவிலேயே நேற்றைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரே கட்டளையில் அதையே நிலையானதாக்கலாம்.

எக்ஸ்ட்4 வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் உதவும். அது செய்யும் தந்திரம் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். மாறாத கோப்புகளை மறுபடி நகலெடுக்காமல், அதே ஐநோட்டுக்கு இன்னொரு பெயர் வைத்துவிடும். மாறியவை மட்டும் புதிதாக நகலாகும். ஒரு பெயரை அடித்தாலும் இன்னொரு பெயர் இருக்கும்வரை கோப்பு அழியாது என்ற பழைய யூனிக்ஸ் விதியே இங்கே பாதுகாப்புப் பெட்டகமாகிறது.

பழையதைத் தொடாமல் விடும் இந்த யோசனையை எல்லைவரை கொண்டுபோனவர் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006இல் முனைவர் பட்டம் பெற்ற ஈல்கோ டோல்ஸ்ட்ரா. அவர் உருவாக்கிய நிக்ஸ் முறையில், நிறுவிய மென்பொருளை மாற்றுவது என்பதே இல்லை. புதிய பதிப்பு தனி ஃபோல்டரில் பழையதன் பக்கத்திலேயே வந்து அமரும். எதைப் பயன்படுத்துவது என்ற சுட்டி மாறும். நிக்ஸ்ஓஎஸ்ஸின் தொடக்க மெனுவில் கணினியின் முந்தைய நிலைகள் வரிசையாக நிற்கும். லினக்ஸ் கெர்னலில் ஓடும் ஆண்ட்ராய்டிலும் இந்தச் சிந்தனை உண்டு. 2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7 முதல், இந்த ஏற்பாடு உள்ள போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள். ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அப்டேட் இன்னொன்றில் எழுதப்படும். புதியது எழ மறுத்தால் போன் பழையதற்கே திரும்பிவிடும்.

எது திரும்பாது?

சிஸ்டத்தை நேற்றைய நிலைக்குக் கொண்டுபோனால் இன்று நடந்த நல்லவையும் கூடவே போகும். காலையில் எழுதிய கட்டுரையையும் வந்த மின்னஞ்சல்களையும் இழந்து யாரும் அப்டேட்டைச் சரிசெய்ய விரும்ப மாட்டார்கள். அதனால்தான் ஓப்பன்சூசே 'ஹோம்' ஃபோல்டரையும், டேட்டாபேஸ்களும் லாகுகளும் இருக்கும் 'வார்' ஃபோல்டரையும் இந்தத் திருப்பலிலிருந்து விலக்கி வைக்கிறது. டைம்ஷிஃப்ட்டும் பயனரின் ஹோமை இயல்பாகத் தொடுவதில்லை. சிஸ்டத்தைப் பாதுகாத்துவிட்டோம் என்பதால் குடும்பப் படங்களும் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. மேலும், ஸ்னாப்ஷாட் இருப்பது அதே வட்டில். வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்து போகும்.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. டேட்டாபேஸ் சிக்கலோடு நெடுநேரம் மல்லுக்கட்டிய பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரின் டேட்டா ஃபோல்டரை நீக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் எடுப்போம் என்று பார்த்தால், பேக்கப் மென்பொருளின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல், நகல் எதுவுமே சேமிப்பகத்துக்குப் போகவில்லை. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. கடைசியில் காப்பாற்றியது, சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட். இடைப்பட்ட அந்த மணி நேரங்களில் பதிவான தகவல் மட்டும் திரும்பவே இல்லை.

மான்செஸ்டருக்கும் இதற்கும் இடையே 30 ஆண்டுகள் ஓடிவிட்டன. கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனால் இரண்டு இடத்திலும் வேலையைக் காப்பாற்றியது தற்செயலாகத் தப்பி நின்ற ஒன்றுதான். தற்செயலை ஏற்பாடாக மாற்றிக்கொள்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவருக்கு அந்த ஏற்பாடு பெரிய வேலை இல்லை. எட்சியில் ஒரு கோப்பைத் திருத்தும் முன் அதன் நகலை வேறு பெயரில் வையுங்கள். டெர்மினலில் 'ஆர்எம்' நீக்குவது குப்பைத்தொட்டிக்குப் போகாது. 'ஜிஐஓ ட்ராஷ்' என்ற கட்டளை கொடுத்தால் போகும். பெரிய அப்டேட்டுக்கு முன் டைம்ஷிஃப்ட்டையோ ஸ்னாப்பரையோ ஒருமுறை ஓட்டுங்கள். படங்களையும் ஆவணங்களையும் கணினியிலிருந்து கழற்றி வைக்கும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். அந்த வட்டிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை இந்த ஞாயிற்றுக்கிழமையே திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் நல்லது. மூலம் உங்களிடம் பத்திரமாக இருக்கும்போதே விஷயம் தெரிந்துவிட்டது.