சுமை வண்டியின் மூச்சுக்குழல்

ஏர் ஃபில்டரில் வடிகட்டிய காற்று ஒரே குழாயில் வந்து, சிலிண்டருக்கு ஒன்றாகக் கிளை பிரியும் இடம் இன்டேக் மேனிஃபோல்டு. நான்கு சிலிண்டர் டீசல் பிக்-அப் ஒன்றின் பானெட்டைத் திறந்தால், விரித்த விரல்களை இன்ஜினின் விலாவில் பதித்தது போல ஓர் அலுமினிய வார்ப்பு தெரியும். அதுதான். பல வண்டிகளில் இதற்குள் அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஆனாலும் வண்டியின் இழுவை, புகை, டீசல் செலவு மூன்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

அது கையாளும் காற்றின் அளவைக் கணக்கிட்டால் காரணம் புரியும். 2.5 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுக்கிறது. டர்போ இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர், அதாவது மொட்டைமாடியில் வைக்கும் 1,000 லிட்டர் தொட்டிகள் இரண்டரை நிரம்பும் அளவு. இவ்வளவு காற்றும் எல்லாச் சிலிண்டருக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும். ஒன்றுக்குக் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது, கரும்புகை வரும்.

கிளைக்குழாயின் நீளத்துக்கும் ஒரு வேலை உண்டு. வால்வு திறந்ததும் சிலிண்டர் காற்றை வெடுக்கென்று இழுக்கிறது. அந்த இழுப்பு ஓர் அழுத்த அலையாகக் குழாய் வழியே பின்னோக்கிப் போய், மேனிஃபோல்டின் பொது அறையில் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் அலை வால்வு மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தால், கூடுதலாக ஒரு வாய்க் காற்றை உள்ளே தள்ளிவிடும். நீளமான குழாயில் அலை தாமதமாகத் திரும்பும். குறைந்த சுற்றில் ஓடும் இன்ஜினுக்கு அது பொருந்தும். குட்டையான குழாய் வேகமான சுற்றுக்கு. புல்லாங்குழல் நீண்டால் சுதி இறங்குவதும் இதே இயற்பியலால்தான்.

இதை உலகுக்குப் பளிச்செனக் காட்டியது அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம். 1960-இல் அது தன் பெரிய கார்களுக்கு 30 அங்குல நீளக் குழாய்களை இன்ஜினின் குறுக்கே போட்டது. நடுத்தரச் சுற்றில் இழுவை கூடியது. பந்தயத்துக்கு விரும்பியவர்களுக்காக அதே வார்ப்பில் உள்நீளத்தைப் பாதியாகக் குறைத்த வகையும் வந்தது. தனியாக விற்கும் மேனிஃபோல்டு வணிகம் அதைவிடப் பழையது: விக் எடல்பிராக் தம் முதல் மேனிஃபோல்டை ஃபோர்டு வி-8 இன்ஜினுக்காக 1938-இல் செய்தார். அமெரிக்க பிக்-அப் உரிமையாளர்கள் இன்றுவரை வாங்கிப் பூட்டுவது அந்த மரபில் வந்தவற்றைத்தான். ஆனால் அங்கே பெட்ரோல் வி-8 இன்ஜின்கள் அதிகம். சுற்று ஏற ஏற மூச்சு முட்டுகிற அந்த இன்ஜின்களுக்கு அகலமான வழி கிடைத்தால் குதிரைத்திறன் உண்மையிலேயே கூடும்.

டெல்லியின் பிக்-அப் வேறு வகை. 2005-இல் வந்த டாடா ஏஸை அங்கே சோட்டா ஹாத்தி, குட்டியானை, என்கிறார்கள். தமிழ்நாட்டிலும் அதற்குக் குட்டியானை என்றே பெயர். மஹிந்திரா பொலேரோ பிக்-அப், ஓசூரில் பிறந்து 2011-இல் சந்தைக்கு வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மாருதியின் சூப்பர் கேரி ஆகியவையும் அதன் தோழர்கள். ஆசாத்பூர் மண்டியில் விடியுமுன் காய்கறி ஏற்றி, நெரிசலில் நின்று நின்று நகர்வது இவற்றின் பிழைப்பு. இன்ஜின் பெரும்பாலும் 1,200 முதல் 2,500 சுற்றுக்குள்தான் ஓடுகிறது. குட்டைக் குழாயும் பெரிய வாயுமாகப் பளபளக்கும் மேனிஃபோல்டை இந்த வண்டியில் மாட்டினால், வேண்டாத சுற்றில் சக்தி கூடும். முழுச் சுமையோடு மேம்பாலம் ஏறும்போது வேண்டிய சக்தி குறையும். டர்போ டீசலில் குழாய் நீளத்தின் விளைவு இன்னும் சிறிது, ஏனென்றால் அழுத்தத்தைத் தருவது டர்போ. டர்போவும் இன்ஜெக்டரும் கேம் தண்டும் பழையபடியே இருக்க, மேனிஃபோல்டை மட்டும் மாற்றிப் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. 2016-இல் வந்த இசூசு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற சொந்த உபயோக பிக்-அப்களுக்கும் இந்தக் கணக்கு மாறாது.

டெல்லிக் காற்றுக்கே உரிய இரண்டு தொல்லைகள் இதில் சேர்கின்றன. ஒன்று வெயில். ஜனவரி விடியலில் 5 டிகிரி இருக்கும் காற்று மே மாதப் பகலில் 45 டிகிரியைத் தொடும்போது, அதன் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே கொள்ளளவு, ஆனால் ஆக்சிஜன் குறைவு. கோடையில் வண்டி இழுக்கவில்லை என்று ஓட்டுநர்கள் சொல்வது மனப்பிரமை இல்லை. இதற்கு மருந்து இன்டர்கூலரின் துடுப்புகளில் அடைந்த மண்ணைக் கழுவுவது. மேனிஃபோல்டு மாற்றுவது இல்லை.

இரண்டாவது தொல்லை கரி. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காகப் புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்பும் இஜிஆர் அமைப்பு, இன்றைய டீசல் பிக்-அப்களில் பரவலாக இருக்கிறது. அந்தப் புகையின் கரி, கிராங்க் அறையிலிருந்து வரும் எண்ணெய் ஆவியோடு கலந்து, மேனிஃபோல்டின் உட்சுவரில் தார் போலப் படிகிறது. நெரிசலில் நீண்ட நேரம் ஐட்லிங்கில் நிற்கும் வண்டியில் இந்தப் படிவு வேகமாக ஏறும். வருடக்கணக்கில் கவனிக்காத வண்டியில் குழாயின் வாய் பாதிக்கு மேல் அடைத்துப்போவது உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் புது மேனிஃபோல்டு போட்டதும் இழுவை கூடிவிட்டதாகத் தோன்றுவது இயல்பு. கூடியது அடைப்பு நீங்கியதால். பழையதைக் கழற்றி, கரைப்பானில் ஊறவைத்துச் சுத்தம் செய்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும், மிகக் குறைந்த செலவில்.

சில பட்டறைகள் இஜிஆர் வழியைத் தகடு வைத்து அடைத்துவிடுகின்றன. கரி படியாது என்பது உண்மைதான். ஆனால் எரியறையின் உச்ச வெப்பம் ஏறி, நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். குளிர்காலத்தில் குழந்தைகளும் முதியவர்களும் மூச்சுக்குத் திணறுகிற ஊரில் இதைச் செய்வது பெருந்தவறு.

டெல்லியில் மேனிஃபோல்டைத் தொட்ட மிகப் பெரிய மாற்றம் சிஎன்ஜி என்னும் அழுத்திய இயற்கை எரிவாயு. காற்று மாசு குறித்த எம். சி. மேத்தா வழக்கில் 1998 ஜூலை 28-இல் உச்ச நீதிமன்றம் நகரப் பேருந்துகள் அனைத்தும் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. 2002 டிசம்பருக்குள் டீசல் நகரப் பேருந்துகள் விலகின. ஆட்டோவும் டாக்சியும் சிறு சரக்கு வண்டிகளும் அதே பாதையில் வந்தன. பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் காற்று வரும் வழியில் ஒரு மிக்சரைச் செருகினாலே போதும். இப்போதைய பெட்ரோல் இன்ஜினில் அப்படி இல்லை. சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாயுவைப் பாய்ச்ச, மேனிஃபோல்டின் கிளைதோறும் துளையிட்டு நாசில் திருக வேண்டும்.

சிஎன்ஜி கிட் மாட்டும் வேலையின் தரம் அந்தத் துளையில்தான் தெரியும். வால்வுக்கு அருகில், காற்றோட்டத்தின் திசையில் சாய்ந்து, எல்லாக் கிளையிலும் ஒரே தூரத்தில் அமைய வேண்டும். நேரம் மிச்சப்படுத்த மேனிஃபோல்டைக் கழற்றாமலே, டிரில் நுனியில் கிரீஸ் தடவித் துளைப்பவர்கள் உண்டு. கிரீஸில் ஒட்டாமல் தப்பும் ஒரு சுருள் அலுமினியம் வால்வு இருக்கையையோ சிலிண்டர் சுவரையோ கீறிவிடும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் மரை இறுகினால் வெடிப்பு விடும். மிக்சர் வகை கிட்டில் தீ பின்வாங்கி வெடித்தால், பிளாஸ்டிக் மேனிஃபோல்டே பிளந்துபோகும். மேனிஃபோல்டு வழியாகக் கொடுக்கும் சிஎன்ஜி, காற்றின் இடத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதால் சக்தி சற்றுக் குறைவதும் இயற்கை. அதை எந்த மேனிஃபோல்டாலும் முழுக்க ஈடுகட்ட இயலாது.

விரிசல் விட்டதாலோ, முகம் வளைந்ததாலோ மாற்றியே தீர வேண்டிய மேனிஃபோல்டும் உண்டு. பாகம் தேடுவோர் போவது காஷ்மீரி கேட். பழைய டெல்லியின் அந்தச் சந்தையில் கம்பெனி பாகம், அதே தரத்தில் பிறர் செய்தது, லோக்கல் என்று பல படிகள் இருக்கும். பிரித்த வண்டியின் பாகத்துக்கு மாயாபுரி. எங்கே வாங்கினாலும் ஓர் எஃகு அளவுகோலை அதன் முகத்தில் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. வளைந்த முகத்தை எந்த கேஸ்கட்டும் காப்பாற்றாது.

மாற்றும் வேலை பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவதில் தொடங்குகிறது. பிறகு காற்றுக் குழாய், சென்சார் பிளக்குகள், இஜிஆர் குழாய். காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டர் குழாய்கள் குறுக்கே வந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை: ஓடும்போது அவற்றில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டக்கூடும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். பல இன்ஜின்களில் கழற்றிய அந்தக் குழாய்களை மறுபடி மாட்டாமல் புதிது போடச் சொல்கிறது கையேடு. மேனிஃபோல்டு வெளியே வந்ததும் ஹெட்டின் துவாரங்களில் சுத்தமான துணி அடைக்க வேண்டும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது உதிரும் துகள் ஒன்றுகூட உள்ளே விழக் கூடாது. துணிகளை எண்ணி வைத்து எண்ணி எடுப்பது நல்ல மெக்கானிக்கின் பழக்கம். புது கேஸ்கட் போட்டு, நடு போல்ட்டிலிருந்து இருபுறமும் வெளிநோக்கி, இரண்டு மூன்று தவணையாக, டார்க் ரென்ச்சால் கையேட்டு அளவுக்கு இறுக்க வேண்டும். ஓர் ஓரத்தை முதலில் இறுக்கினால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும்.

கசிவுச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பெட்ரோல் இன்ஜினில் கசிவு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஐட்லிங் ஏறி இறங்கும். டர்போ டீசலில் அழுத்தக் காற்று வெளியே ஓடும். இழுவை போகும், கரும்புகை வரும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். உள்ளே இழுக்கும் கசிவு டெல்லியில் இன்னும் ஆபத்தானது. ஆந்தி என்னும் கோடைப் புழுதிப்புயலின் நுண்மண் ஃபில்டரைத் தொடாமலே நுழைந்து, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துத் தின்றுவிடும்.

மேனிஃபோல்டின் வடிவம் மாறினால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் கணக்கும் மாறுகிறது. பல இன்ஜின்களில் இசியு, மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்தே காற்றின் அளவை ஊகிக்கிறது. கம்பெனி வடிவத்துக்கு எழுதிய அட்டவணை வேறு வடிவத்துக்குப் பொருந்தாது. அதை மாற்றி எழுதினால் வண்டி சான்று பெற்ற மாசு அளவுகளிலிருந்து விலகும். டெல்லிக்கு பாரத் ஸ்டேஜ்-6 என்னும் மாசு விதிக்கு ஏற்ற எரிபொருள் 2018 ஏப்ரலிலேயே வந்தது. நாடு முழுவதும் புது வண்டிகளுக்கு அந்த விதி 2020 ஏப்ரலில் அமலானது.

சட்டமும் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை உரிமையாளர் திருத்துவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு முரணான மாற்றம் ஆகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி வடிவிலேயே மாற்றும் மேனிஃபோல்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சிஎன்ஜிக்கு மாறுவோர் அங்கீகாரம் பெற்ற கிட்டை அங்கீகாரம் பெற்ற மையத்தில் மாட்டி, எரிபொருள் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எரிவாயு சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.