நிலத்தைக் காத்த காற்றாலைகள்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லையே என்பது நம் கவலை. நெதர்லாந்து விவசாயிக்கோ, வயலில் நிற்கும் தண்ணீர் போகவில்லையே என்பதுதான் கவலை. அந்நாட்டில் கணிசமான நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே உள்ளது.

அங்கு ராட்டர்டாம் நகருக்கு அருகில் உள்ள கிண்டர்டைக் என்ற ஊரில் 19 பழைய காற்றாலைகள் இருக்கின்றன. 1738ல் செங்கல்லால் எட்டு ஆலைகளும், 1740ல் நாணல் வேய்ந்த எட்டு ஆலைகளும் கட்டப்பட்டன. மாவு அரைக்க அல்ல, தண்ணீர் இறைக்கவே இவை ஏற்பட்டன.

அப்பகுதி மண், மக்கிய தாவரங்களால் ஆனது. இத்தகைய மண்ணில் நீரை வடித்தால் மண் சுருங்கி, நிலம் தாழ்கிறது. தாழத் தாழ நீர் தானாக ஆற்றுக்கு வடியாது, இறைத்தே தீரவேண்டும்.

காற்றில் இறக்கைகள் சுழல, மரப்பல் சக்கரங்கள் வழியாக அச்சுழற்சி கீழே உள்ள துடுப்புச் சக்கரத்துக்குச் செல்கிறது. அது தாழ்ந்த கால்வாய் நீரை உயரமான தேக்கத்துக்குத் தள்ளும். ஆற்றில் நீர்மட்டம் குறையும்போது மதகைத் திறந்து தேக்க நீரை வெளியே விடுவார்கள்.

1868ல் நீராவிப் பம்பு வந்தது. பின்னர் டீசலும் மின்சாரமும் வந்தன. ஆயினும் இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வயல்களை வெள்ளத்திலிருந்து காக்கப் பழைய ஆலைகளே மீண்டும் ஓடின.

19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 10,000 காற்றாலைகள் இருந்தன. இன்று ஆயிரத்துச் சொச்சமே மிஞ்சியுள்ளன. அவற்றைக் காக்க 1923ல் ஒரு சங்கம் தோன்றியது. கிண்டர்டைக் ஆலைகள் 1997ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

பழுது பார்ப்பதில் அவர்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு: ஓடாத ஆலை சீக்கிரம் கெடும். இறக்கைகள் ஒரே நிலையில் நின்றால், மழைநீர் ஒரே இடத்தில் தங்கி மரம் உளுத்துப்போகும். ஆகவே நாணலை மாற்றுவது, உளுத்த மரத்தை அகற்றுவது, பல் சக்கரங்களுக்கு மெழுகு பூசுவது ஆகியவற்றோடு ஆலையை அவ்வப்போது ஓட்டவும் வேண்டும். ஓட்டத் தெரிந்தவர்கள் குறைந்ததால், 1972ல் தன்னார்வ ஆலைக்காரர் சங்கம் தொடங்கி, பயிற்சியும் தேர்வும் வைத்துப் புதியவர்களைத் தயாரித்தார்கள். 2017ல் யுனெஸ்கோ இத்தொழிலறிவையும் பாரம்பரியமாக ஏற்றது.

விவசாயிகளே, கொட்டகையில் சும்மா கிடக்கும் கருவியும் இப்படித்தான். மாதம் ஒருமுறையேனும் துடைத்து, எண்ணெய் போட்டு, இயக்கிப் பாருங்கள். அதை இயக்கும் முறையை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.