கூதிர்க்காலத்தில் வீட்டுக் காய்கறித் தோட்டம்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்க்காலம் என்று வழங்கினர். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. ஏரி குளங்கள் நிரம்பும் இப்பருவத்தை உழவர்கள் ஆவலுடன் எதிர்நோக்குகின்றனர். நெசவாளர் குடும்பத்திற்கோ இது கையிருப்புக் கரையும் காலம். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி இட இயலாது. இட்ட பாவும் எளிதில் உலராது. தாழ்வான வீடுகளில் குழித்தறியின் குழியிலேயே நீர் ஊறுகிறது. இவ்வாறு கூலி குறையும் அதே வாரங்களில், வரத்துக் குறைந்து சந்தையில் காய்கறி விலை ஏறுகிறது. சேமிப்பிலிருந்து பணம் எடுக்கக் கோரும் மனுக்கள் இம்மாதங்களில் மிகுவதை, சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்போது ஆண்டுதோறும் காண்கிறேன்.

வீட்டுத் தோட்டம் கூலிக்கு ஈடாகாது. ஆயினும் நாள்தோறும் காய்க்கும் கீரைக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை அது மிச்சப்படுத்தும். பிள்ளைகளின் உணவில் பச்சைக் காய்கறி குறையாமல் காக்கும். ஆகவே மழைக்காலத்தில் தோட்டத்தைக் கைவிடாமல் பேணும் முறையை இங்கே கூற விரும்புகிறேன்.

இடத்திற்கேற்ற திட்டம்

நாலைந்து பேர் கொண்ட குடும்பத்தின் ஆண்டுத் தேவைக்கு ஏறத்தாழ 5 சென்ட் நிலம் வேண்டும் என்று தோட்டக்கலை வல்லுநர் கணக்கிடுகின்றனர். நெசவாளர் குடியிருப்புகளில் கொல்லைப்புறம் 1 சென்ட் இருந்தாலே பெரிது. 1 சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி, அதாவது 40 சதுர மீட்டர். இச்சிறு இடத்தில் எல்லாக் காய்களையும் பயிரிட முயன்றால் எதுவும் குடும்பத்திற்குப் போதாது. ஆதலின் அடிக்கடி பறிக்கத் தக்கவற்றையும், மழையைத் தாங்குபவற்றையும் தெரிந்தெடுத்து நடுவதே விவேகம்.

முதல் வேலை வடிகால்

மழைக்காலத் தோட்டத்திற்கு விதையினும் முக்கியமானது வடிகால். வேர்களுக்கும் காற்று வேண்டும். மண்ணின் நுண்துளைகளில் நீர் நிறைந்து இரண்டு மூன்று நாட்கள் நின்றால், வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்குகிறது. கோடையில் நீரைத் தேக்குவதற்காக அமைத்த பள்ளப் பாத்தியை அப்படியே விட்டுவைப்பதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு.

சென்ற கார்த்திகையில் ஓர் அங்கத்தினரின் இல்லத்திற்குச் செல்ல நேர்ந்தது. கத்தரியும் வெண்டையும் செழித்த தோட்டம். ஆனால் பாத்திகள் தறிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி, தரையினும் தாழ்வாக இருந்தன. கூரையிலிருந்து வழிந்த நீர் முழுவதும் அங்கேயே தேங்கிச் சுவரின் அடியாகக் கசிந்து, தறிக்குழியில் முழங்காலளவு நின்றது. பாதி நெய்த சேலையில் ஈரக்கறை ஏறிவிட்டது. "தோட்டம் போட்டது குற்றமா, ஐயா?" என்று அவர் வருந்திக் கேட்டார். தோட்டம் குற்றமன்று, நீர் வெளியேற வழி வைக்காததே குற்றம். அன்று மாலையே அவரும் அவர் மகனும் சுவரோரப் பாத்திகளை மேடாக்கி, வாய்க்காலைத் தெருவடிகாலை நோக்கித் திருப்பினர்.

ஆகவே தறிக்கூடத்தின் சுவரிலிருந்து மூன்றடி தூரமேனும் விட்டு, அவ்விடம் வெளிப்புறமாகச் சரியும்படி மண்ணை அணைத்துக் கெட்டிக்க வேண்டும். பாத்திகளுக்குப் பதிலாக மேட்டுப் பார்கள் அமைத்து, பார்களுக்கிடையே ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் எடுக்க வேண்டும். வாய்க்கால் முடியும் ஈரமான இடத்தில் சேம்பை நடலாம். அது ஈரத்தை விரும்பும் பயிர். சாயத் தொட்டியின் கழிவுநீரை எக்காரணம் கொண்டும் தோட்டத்தில் விடலாகாது. அதிலுள்ள காரமும் உப்பும் மண்ணைக் கெடுக்கும். அதில் விளைந்ததை உண்பதும் தகாது.

எவற்றைப் பயிரிடலாம்?

ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அவரை இப்போது பூக்கும் தறுவாயில் இருக்கும். பகல் குறுகிக் குளிர்ச்சி மிகும்போது பூப்பது நாட்டு அவரையின் இயல்பு. அடைமழையில் சில பூக்கள் உதிர்ந்தால் கலங்க வேண்டியதில்லை. மழை ஓய்ந்ததும் மறுபடி பூக்கும். காற்றில் சாயாதபடி பந்தற்கால்களை இப்போதே உறுதி செய்க. கொடிகளைக் கட்டுவதற்குச் சாயமேறாத கழிவுப் பருத்தி நூல் மிகவும் ஏற்றது. அது மென்மையாதலின் தண்டை அறுக்காது.

கீரை வகைகளில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். முளைக்கீரை 25 முதல் 30 நாட்களில் பறிப்புக்கு வரும். எனினும் அதன் விதை மிக நுண்ணியது. பெருமழையில் அடித்துச் செல்லப்படும். மழை இடைவெளி விடும் நாட்களில், விதையை மணலுடன் கலந்து மேட்டுப் பாத்தியில் தூவ வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் விதைக்காமல், பத்து நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்தால் ஒரு பாத்தி அழிந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஈரத்தில் தழைப்பவை. தண்டை ஒடித்து நட்டாலே பொன்னாங்கண்ணி வேர்விடும். பசலைக்கொடியையும் மணத்தக்காளியையும் வேலியோரத்தில் வைக்கலாம். தூவி விதைத்த கீரை பொய்த்த வாரத்தில் குடும்பத்தைக் காப்பவை இவையே.

வெண்டையை நேரடியாக விதைக்கலாம். சுமார் 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். முள்ளங்கியும் ஏறத்தாழ அந்நாட்களில் பறிப்புக்கு வரும். ஆயின் இளகிய மண்ணும் நல்ல வடிகாலும் இல்லாவிடில் கிழங்கு வெடித்து அழுகும். கொத்தவரை மிகுந்த ஈரத்தைத் தாங்காது. அதனைத் தைக்குப் பின் விதைப்பதே நலம்.

முருங்கைக்கு இது தழைப்பருவம். காய் அரிதானாலும் கீரை ஏராளம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, விதையிலிருந்தே வளர்ந்து ஓராண்டிற்குள் காய்ப்பது. நீர் தேங்கினால் முருங்கை வேர் அழுகும், மேட்டில்தான் நடவேண்டும். அதன் கிளை எளிதில் முறியுமாதலின், புயற்காற்று வீசும் இப்பருவத்தில் கூரையின் மேல் சாய்ந்த கிளைகளை முன்னதாகவே கழித்துவிடுக.

பாகல், புடல், பீர்க்கு, பூசணி ஆகிய கொடிகள் பூத்தும் காய்க்கவில்லை என்று பலர் முறையிடுகின்றனர். இக்கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே தோன்றும். மழை நாட்களில் தேனீ வருவதில்லை. மகரந்தம் சேராமல் பிஞ்சு வெம்பி உதிர்கிறது. இதற்குக் கைவைத்தியம் உண்டு. அடியில் சிறு பிஞ்சுடன் இருப்பது பெண் பூ. ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டால் போதும். பூசணிக்கும் பாகலுக்கும் இதனைக் காலையில் செய்க. பீர்க்கும் புடலும் மாலையில் மலர்பவை. அவற்றிற்கு விளக்கேற்றும் வேளையே தக்கது.

நாற்றங்கால்

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நாற்றுவிட்டே நடவேண்டும். தக்காளி நாற்று சுமார் 25 நாட்களிலும், கத்தரி 30 முதல் 35 நாட்களிலும், மிளகாய் 40 நாட்களிலும் நடவுக்கு வரும். மழைக்காலத்தில் இவற்றிற்குப் பெரும் பகை நாற்றழுகல் நோய். முளைத்த நாற்றின் தண்டு தரைமட்டத்தில் நைந்து, ஓர் இரவில் பாத்தியே சாய்ந்துவிடும். மண்ணில் வாழும் பூசணங்களே இதற்குக் காரணம். தேங்கிய ஈரமும் நெருக்கமான விதைப்பும் அவற்றை வளர்க்கின்றன.

இதைத் தடுக்க, நாற்றங்கால் தரையினும் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். விதையை வரிசையாக, நெருக்கமின்றி இட்டு மணலால் மூடுக. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தூளைக் கலந்து விதைப்பது நல்ல காப்பாகும். பெருமழையின்போது நாற்றின் மேல் தென்னங்கீற்றுத் தடுக்கை உயரமாக அமைத்து, வெயில் தோன்றியதும் விலக்கிவிட வேண்டும். எப்போதும் மூடியே வைத்த நாற்று மெலிந்து நீண்டு, நட்டபின் நிற்காது.

உரம்

மழைக்குப்பின் இலைகள் வெளுத்து மஞ்சளிக்கக் கண்டால், பலர் உடனே உரத்தை அள்ளி இடுகின்றனர். மஞ்சளிப்பதற்குக் காரணங்கள் இரண்டு. தழைச்சத்து நீருடன் கரைந்து வேருக்கு எட்டாத ஆழத்திற்குச் செல்வது ஒன்று. வேர் மூச்சின்றிச் சத்தை உறிஞ்ச இயலாமற்போவது மற்றொன்று. ஆதலால் முதலில் நீரை வடிக்க வேண்டும். மண் கையில் ஒட்டாத பதம் வந்தபின் மேல்மண்ணைக் கிளறி, பிறகே உரமிட வேண்டும். ஈரமண்ணைக் கொத்தினால் அது கட்டியாக இறுகிவிடும். மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரத்துடன் சிறிது வேப்பம்பிண்ணாக்கைக் கலந்து, ஒரே தடவையில் இடாமல் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சிறிதளவாக இடுவதே மழைக்காலத்திற்கேற்ற முறை.

பூச்சியும் நோயும்

கத்தரியின் நுனித்தளிர் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்பது பொருள். வாடிய பகுதிக்குக் கீழே கிள்ளி எடுத்துத் தீயிலிட வேண்டும். வீசியெறிந்தால் புழு வேறு செடிக்கு ஏறும். வெண்டையிலையின் நரம்புகள் மஞ்சளாக வலைபோல் தெரிந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அச்செடிக்கு மருந்தில்லை, பிடுங்கி அழிப்பதே மற்றவற்றைக் காக்கும் வழி. நத்தைகளுக்கு மாலையில் ஈரச்சாக்கை விரித்து வைத்தால் விடியலில் அதனடியில் கூடியிருக்கும், எடுத்து அகற்றலாம்.

முருங்கை மரத்தின் அடியில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அப்பியிருக்கும்போது தீப்பந்தம் காட்டுவது வழக்கம். கூரையின் அருகிலும் நூல் தொங்கும் இடத்திலும் தீயை எடுக்கவே கூடாது. அங்கே சோப்புக் கரைசலை ஊற்றி, துடைப்பத்தால் கூட்டித் தள்ளிப் புதைத்துவிடுக.

பொதுவான காப்புக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் சிறந்தது. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கலந்து, மழையில்லாத மாலையில் தெளிக்க வேண்டும். அன்றன்று தயாரித்ததை அன்றே உபயோகிக்க வேண்டும். பருத்திக்கென வாங்கிய மருந்தின் மிச்சத்தை வீட்டுச் செடிகளில் தெளிக்கும் வழக்கம் உழவர் அங்கத்தினர் சிலரிடம் இருக்கிறது. இது பெருந்தீங்கு. மோனோகுரோட்டோபாஸ் போன்ற கொடிய மருந்தைக் காய்கறிகளில் உபயோகிப்பது 2005 முதலே தடை செய்யப்பட்டுள்ளது. நாளை நம் பிள்ளை உண்ணப் போகும் கத்தரிக்காயில் நாமே நஞ்சிடலாகாது.

இன்னுமொன்று. தோட்டத்தில் கிடக்கும் உடைந்த சட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த நீரில்தான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு வளர்கிறது. வாரம் ஒருமுறை இவற்றைக் கவிழ்த்து வைப்பதும் தோட்ட வேலையின் ஒரு பகுதியே.

சங்கம் செய்யத் தக்கது

ஒரு ஹெக்டேர் கத்தரி நடவுக்கு 400 கிராம் விதை போதும். அக்கணக்கின்படி 1 சென்ட் முழுவதும் கத்தரியே நட்டாலும் 2 கிராம் விதை வேண்டாம். குடும்பத்திற்குத் தேவையானவையோ பத்துப் பன்னிரண்டு செடிகளே. 10 கிராம் பொட்டலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் விதைகள் உள்ளன. ஒவ்வொருவரும் தனித்தனியே பொட்டலம் வாங்கி, மிஞ்சியதை ஈரக்காற்றில் வைத்து முளைப்புத்திறனை இழக்கச் செய்வது வீண் செலவன்றோ?

சங்க வளாகத்தில் மேடான ஓர் இடத்தில் பொது நாற்றங்கால் அமைத்து, ஒரே பொட்டலத்தை விதைத்தால், அரைப்பங்கே பிழைத்தாலும் எண்பது குடும்பங்களுக்குக் குறையாமல் நாற்று வழங்கலாம். பாவு ஓடாத மழை நாட்களில் முறைவைத்து ஒருவர் அதனைக் கவனிக்கட்டும். உழவர் அங்கத்தினர் மக்கிய தொழு உரம் கொடுத்து உதவலாம். நெசவாளர் அங்கத்தினர் பந்தலுக்கு வேண்டிய கழிவு நூலைக் கொடுக்கலாம். கூட்டுறவு என்பது கடன் பேரேட்டில் மட்டும் காணப்படுவதன்று. ஒரு பொட்டலம் விதையைப் பகிர்ந்துகொள்வதிலும் அது உயிருடன் இருக்கிறது.

அடுத்த மழைக்கு இன்னும் சில நாட்கள் இருக்கக்கூடும். அதற்குள் மண்வெட்டியை எடுத்து, தறிக்கூடத்தின் பின்சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்து வாருங்கள். நீர் எங்கே தேங்குகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.